சிறுநீரிலிருந்து உரம்: டர்பன் கற்றுத்தந்த தொழில்

மனித உடல் கழிப்பவற்றுள் பயிருக்கு வேண்டிய சத்து மிகுதியாக இருப்பது மலத்தில் அன்று, சிறுநீரில்தான் என்பது வேளாண் வேதியியல் நெடுங்காலமாக அறிந்த செய்தி. வளர்ச்சி நின்றுவிட்ட உடல் தான் உண்ட புரதத்திலுள்ள நைட்ரஜனைச் சேமித்து வைப்பதில்லை. ஏறத்தாழ உள்ளே சென்ற அளவே வெளியேறுகிறது, அதிலும் பெரும்பகுதி யூரியாவாகச் சிறுநீரில் கரைந்து போகிறது. வீட்டுக் கழிவுநீரில் சேரும் நைட்ரஜனில், அதாவது உழவர் தழைச்சத்து என்று சொல்வதில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும், மணிச்சத்தாகிய பாஸ்பரசில் பாதியளவும் சிறுநீர்வழியே வருகின்றன. ஆனால் அக்கழிவுநீரின் மொத்தக் கனஅளவில் சிறுநீரின் பங்கு நூற்றில் ஒன்றுக்கு மேல் இல்லை. இந்தச் சிறு பங்கைத் தொடக்கத்திலேயே தனியே பிரித்துவிட்டால், பிறகு பெருஞ்செலவில் நீக்க வேண்டிய பொருள் கைக்கு எட்டும் உரமாகிவிடும் என்ற எண்ணமே சிறுநீரிலிருந்து சத்து மீட்கும் தொழிலின் தொடக்கம். எண்ணம் எளிது. அதைச் செயலாக்க முயன்றோர் எதிர்கொண்ட தடைகளில் வேதியியல் சார்ந்தவை பாதியளவே இருந்தன என்பதும், மீதிப் பாதி எடையும் தூரமும் மனித மதிப்பும் பற்றியவை என்பதும் பின்னரே தெரிந்தன.

1669-இல் ஹாம்பர்க் நகரின் ஹென்னிக் பிராண்ட் பொன் தேடும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சி வடித்தபோது பாஸ்பரஸ் தனிமமாகக் கிடைத்தது முதல், சிறுநீரின் வேதியியல் ஆய்வாளரை ஈர்த்துவந்திருக்கிறது. ஆனால் அதைக் கழிவுநீர்ப் பொறியியலின் ஒரு பிரிவாக மாற்றிய முயற்சி 1990-களைச் சேர்ந்தது. சுவீடனின் சூழலியல் குடியிருப்புகள் சிலவற்றில் சிறுநீர் பிரிக்கும் கழிப்பறைகள் பொருத்தப்பட்ட அதே காலத்தில், சுவிட்சர்லாந்தின் கூட்டரசு நீர் ஆய்வு நிறுவனமான ஈவாக்கில் தோவே லார்சனும் வில்லி குயரும் 1996-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மனிதச் சிறுநீரைக் கழிவாகக் கருதாமல் சத்துக் கரைசலாகக் கருதி அதற்கெனத் தனி மேலாண்மை வகுக்க வேண்டும் என்று வாதிட்டனர். அந்நிறுவனம் 2006-இல் டியூபெண்டார்ஃபில் திறந்த தன் தலைமைக் கட்டடத்தில் சிறுநீர் பிரிக்கும் கழிப்பறைகளையும் நிலத்தடித் தளத்தில் சேமிப்புத் தொட்டிகளையும் அமைத்து, தன் ஊழியர்களின் சிறுநீரையே ஆய்வுப் பொருளாக ஆக்கிக்கொண்டது.

இத்தொழிலில் இறங்குவோர் முதலில் கற்றுக்கொள்வது குழாயைப் பற்றித்தான். உடலிலிருந்து புதிதாக வெளிவரும் சிறுநீர் மிதமான அமிலத்தன்மையுடன், பெரிய வாடையின்றி இருக்கிறது. அது குழாயிலும் தொட்டியிலும் குடிகொண்டிருக்கும் நுண்ணுயிர்களைச் சந்தித்த உடனே, அவை சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் பைகார்பனேட்டாகவும் பிளக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாள்களில் கரைசலின் காரத்தன்மை பி.எச். அளவில் 9-ஐ எட்டுகிறது. அந்தக் காரத்தில் சிறுநீரில் இயல்பாக உள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டுடன் சேர்ந்து, உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஏறும் வெள்ளைப் படிவம்போல், குழாயின் உட்சுவரில் கல்லாகப் படிகின்றன. ஐரோப்பாவில் முதலில் விற்பனைக்கு வந்த சிறுநீர் பிரிக்கும் பீங்கான்களில் இந்த அடைப்பு பெருந்தொல்லையாக இருந்தது. அகலமான குழாய், தேங்க இடம் தராத சரிவு, கூர்மையான திருப்பங்களைத் தவிர்த்தல், சிட்ரிக் அமிலத்தாலோ அசெட்டிக் அமிலத்தாலோ அவ்வப்போது கழுவுதல் ஆகிய எளிய ஒழுங்குகளே இதற்கு மருந்து; கட்டட வரைபடம் போடும்போதே இவற்றை எழுதாவிட்டால் பின்னர் எந்த உயர்தரக் கருவியாலும் ஈடுசெய்ய முடிவதில்லை. காரத்தன்மை ஏறியபின் அம்மோனியா வாயுவாகத் தப்பிச் செல்வதும் தழைச்சத்து இழப்புதான் என்பதால், தொட்டிக்குக் காற்றோட்டம் கொடுக்கக் கூடாது, அழுத்தம் சமனாகும் அளவுக்கு ஒரு நுண்ணிய வழி மட்டும் போதும் என்பதும் அனுபவத்தில் நிலைபெற்ற விதி.

சத்து மீட்பின் மிக எளிய வழி, குழாயில் தொல்லையாகப் படியும் அதே கல்லைத் திட்டமிட்டுத் தொட்டியில் படிய வைப்பதாகும். சிறுநீரில் மக்னீசியத்தின் அளவு குறைவு. வெளியிலிருந்து மக்னீசிய உப்பைச் சேர்த்துக் கலக்கினால் மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சமவிகிதத்தில் இணைந்து ஸ்ட்ரூவைட் என்னும் வெண்படிகமாகக் கீழிறங்குகின்றன. அதைத் துணிப்பையில் வடித்து உலர்த்தினால், வயலில் மெல்லக் கரையும் மணிச்சத்து உரம் கிடைக்கிறது. நேபாளத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கிலுள்ள சித்திப்பூர் என்ற ஊரில் பாஸ்டியன் எட்டர் முதலானோர் இதைக் கையால் கலக்கும் ஒரு சாதாரணத் தொட்டியையும் வடிபையையும் கொண்டே செய்துகாட்டினர். அம்முறையின் கணக்குகள் 2011-இல் வெளியாயின. பாஸ்பரசில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீட்க முடிந்தது. ஆனால் 1 கிலோ ஸ்ட்ரூவைட் எடுக்க 500 லிட்டர் அளவுக்குச் சிறுநீர் தேவைப்பட்டது. அது ஏறத்தாழ ஒருவர் ஓராண்டு முழுவதும் கழிக்கும் அளவு. அதைவிட முக்கியமான குறை, படிகத்தில் சேரும் நைட்ரஜன் நூற்றில் ஐந்து பங்கு அளவே என்பதாகும். சத்தின் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடுகிறது, அந்த வடிநீரையும் வயலுக்குக் கொண்டுசெல்லாவிட்டால் தொழில் கால்வாசி முடிந்ததாகக்கூடச் சொல்ல முடியாது. மக்னீசியத்தின் விலையும் கணக்கை ஆட்டிவைக்கிறது. கடைச் சரக்கான மக்னீசியம் சல்பேட்டைவிட, உப்பளத்தில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரோ, சுட்டெடுத்த மாக்னசைட் கல்லோ மலிவு. தூத்துக்குடி உப்பளங்களையும், மாக்னசைட் கிடைக்கும் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களையும் அருகில் வைத்திருக்கும் தமிழ்நாட்டில் இம்முறை ஒருநாள் பெரிய அளவில் நடந்தால், மூலப்பொருளுக்கு அலைய வேண்டியிருக்காது.

சித்திப்பூரின் பாடத்தை எடுத்துக்கொண்டு தொழில் பெரிய களத்துக்குச் சென்றது தென்னாப்பிரிக்காவில். டர்பன் நகரையும் அதைச் சூழ்ந்த ஊர்ப்புறங்களையும் உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகராட்சி, 2000-ஆம் ஆண்டின் எல்லை விரிவாக்கத்தில், குழாய்க் குடிநீரோ கழிவுநீர்க் குழாயோ இல்லாத மலைப்பாங்கான பகுதிகளைத் தன் பொறுப்பில் ஏற்றது. அதே ஆண்டு அம்மாநகர் அமைந்த குவாசுலு-நடால் மாகாணத்தில் தொடங்கிய காலரா, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. பாதாளச் சாக்கடை நீட்டப்படும்வரை காத்திருக்க இயலாது என்று முடிவு செய்த மாநகராட்சி, நீல் மெக்லவுட் அதன் நீர், துப்புரவுப் பிரிவின் தலைவராக இருந்த காலத்தில், சிறுநீர் பிரிக்கும் உலர் கழிப்பறைகளை வீடுதோறும் கட்டித்தந்தது. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 80,000-ஐ எட்டியது. இக்கழிப்பறையில் மலம் இரண்டு அறைகளில் மாறிமாறி விழுந்து உலர்கிறது. சிறுநீர் முன்புறக் கிண்ணத்தின்வழி தனியே ஓடுகிறது. ஆனால் அந்தச் சிறுநீர், கட்டும்போது எவரும் வேறு பயன் கருதாததால், உறிஞ்சுகுழிக்குள் விடப்பட்டது. இத்தனை வீடுகளில் சிறுநீர் ஏற்கெனவே பிரிக்கப்பட்டு மண்ணுக்குள் வீணாகிக்கொண்டிருந்தது என்பதே 2010-இல் ஈவாக் நிறுவனமும் எத்தெக்வினி மாநகராட்சியும் குவாசுலு-நடால் பல்கலைக்கழகமும், பில், மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுடன், வுனா என்ற பெயரில் தொடங்கிய திட்டத்துக்குக் காரணம். ஆய்வின் பொறியியல் பகுதியை வழிநடத்தியவர் ஈவாக்கின் காய் உடெர்ட்.

வீட்டுக்குப் பின்னால் 20 லிட்டர் கேன் ஒன்றை வைத்து, குழாயை உறிஞ்சுகுழியிலிருந்து அதற்குத் திருப்பிவிட்டு, வாரந்தோறும் வண்டியில் வந்து நிறைந்த கேனை எடுத்துக்கொண்டு வெற்றுக் கேனை வைப்பதுதான் சேகரிப்பின் முறை. காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இதுவே செயலில் மிகக் கடினமான கட்டம். வீடுகள் குன்றுச் சரிவுகளில் சிதறியிருந்தன. வண்டி செல்லும் பாதையிலிருந்து கேனைத் தோளில் சுமக்க வேண்டிய தூரம் வீட்டுக்கு வீடு வேறுபட்டது. பல வீடுகளில் கழிப்பறையே முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை. எலிசபெத் டில்லியும் உடனிருந்தோரும் செய்த ஆய்வில், கொண்டுவரும் சிறுநீரின் அளவுக்கு ஏற்பச் சிறு தொகை கொடுத்தபோது கழிப்பறைப் பயன்பாடு உயர்ந்தது தெரியவந்தது. இதே உத்தி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று: திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் 2006-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த பொது உலர் கழிப்பறையில், பயன்படுத்துவோரிடம் காசு வாங்குவதற்குப் பதில் அவர்களுக்கே சில காசுகள் கொடுக்கப்பட்டன, அங்கே திரட்டப்பட்டது போன்ற சிறுநீரின் உர மதிப்பைத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பூவன் வாழையில் சோதித்தது.

காசு கொடுத்தால் சிறுநீர் வரும். அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. புரத உணவின் அளவைக் கொண்டு கணக்கிட்டால், இந்தியர் ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரில் ஏறத்தாழ 2.3 கிலோ நைட்ரஜனும், தென்னாப்பிரிக்கரின் சிறுநீரில் 3 கிலோவும் உள்ளன. 2.3 கிலோ நைட்ரஜன் என்பது 5 கிலோ யூரியாவுக்குச் சமம்; இந்திய உழவர் மானிய விலையில் 45 கிலோ மூட்டையை ஏறத்தாழ 267 ரூபாய்க்கு வாங்கும் நிலையில், அந்த 5 கிலோவின் கடைவிலை 30 ரூபாய். மணிச்சத்தையும் சாம்பல் சத்தாகிய பொட்டாசியத்தையும் சேர்த்தாலும் தொகை பெரிதாகிவிடுவதில்லை. அரை டன் எடையுள்ள நீரை ஓராண்டு முழுக்கத் திரட்டிச் சுமந்து வந்தால் கிடைக்கும் சரக்கின் சந்தை மதிப்பு இது. மானியம் இல்லாத உண்மை விலை இதைப்போல் பல மடங்கு என்றாலும், சிறுநீரைத் திரட்டும் கூலியை உர விற்பனை மட்டும் தாங்கிவிடும் என்று யாரேனும் திட்டம் வகுத்தால் அதை நம்ப வேண்டியதில்லை. இக்கணக்கு தொழிலைக் கைவிடச் சொல்வதன்று. வருமானத்தை எங்கே தேடக்கூடாது என்று மட்டும் காட்டுகிறது.

டர்பனில் திரண்ட சிறுநீரைக் கையாள வுனா திட்டம் தேர்ந்த முதன்மை வழி, நைட்ரேற்றமும் காய்ச்சி வடித்தலும் இணைந்த ஒன்றாகும். நைட்ரேற்றம் என்பது அம்மோனியாவை நுண்ணுயிர்களைக் கொண்டு நைட்ரேட்டாக மாற்றுதல். வயல் மண்ணில் யூரியா போட்டபின் இயல்பாக நடப்பதும் இதுவே. இங்கு அது காற்று ஊட்டப்படும் தொட்டியில், நுண்ணுயிர்கள் ஒட்டி வளர்வதற்கான சிறு பிளாஸ்டிக் துண்டுகள் மிதக்க, கண்காணிப்புடன் நடக்கிறது. முதல் வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. சிறுநீரின் இயல்பான காரத்தன்மை அந்த அமிலத்தைப் பாதி வழிவரையே ஈடுகட்டுவதால், வெளியிலிருந்து சுண்ணாம்போ வேறு காரமோ சேர்க்காதபோது அம்மோனியாவில் பாதியளவு மட்டும் நைட்ரேட்டாகி, வினை தானே ஓய்ந்துவிடுகிறது. இது குறையன்று, வாய்ப்பு. எஞ்சும் அம்மோனியம் அமிலச் சூழலில் வாயுவாகத் தப்ப முடியாமல் கரைசலில் நிலைபெறுகிறது. கூடவே கரிமப் பொருள்களில் பெரும்பகுதி சிதைந்து, மூக்கைத் துளைக்கும் வாடையும் போய்விடுகிறது.

இந்தத் தொட்டியை இயக்குவது புத்தகத்தைவிடக் கண்ணாலும் மூக்காலும் பி.எச். அளவியாலும் கற்க வேண்டிய கைத்திறன். சிறுநீரைச் சற்று வேகமாக உள்ளே விட்டால் முதல் வகை நுண்ணுயிர் சுறுசுறுப்படைந்து நைட்ரைட்டைக் குவிக்கிறது; குவிந்த நைட்ரைட் இரண்டாம் வகை நுண்ணுயிருக்கே நஞ்சாகி அதை முடக்க, மேலும் நைட்ரைட் குவிந்து, தொட்டி வாரக்கணக்கில் மீளாமல் கிடக்கிறது. அச்சத்தில் வரத்தைத் தேவைக்கு மேல் குறைத்துவிட்டால் எதிர்த் தீங்கு நேர்கிறது: பி.எச். 5.4-க்குக் கீழ் இறங்கியதும், அமிலத்தைத் தாங்கும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் தலையெடுத்து, அமிலத்தை மேலும் ஏற்றி, நைட்ரஜனைத் தீங்கு தரும் ஆக்சைடு வாயுக்களாக வெளியேற்றுகிறது. ஆகவே பி.எச். சற்று இறங்கும்போது மட்டும் பம்பு சிறிது சிறுநீரை உள்ளே தள்ளுவதும், சற்று ஏறியதும் நிறுத்துவதுமான குறுகிய அசைவுக்குள் தொட்டியைப் பிடித்துவைப்பதே இயக்குவோரின் பணி. விடுமுறை நாள்களில் சிறுநீர் வரத்து குறைவதும், குளிர்காலத்தில் நுண்ணுயிர் மந்தமாவதும், நீண்ட விடுப்புக்குப் பின் ஒரே நாளில் தொட்டி நிறைவதும் எந்த அலுவலகக் கட்டடத்திலும் நிகழ்வன. அவற்றை முன்கூட்டி எதிர்பார்த்து, இடையே பெரிய சேமிப்புத் தொட்டியை வைத்துக்கொண்ட நிலையங்களே ஆண்டு முழுவதும் ஓடின. கருவிகள் தாமாக இயங்கும் என்ற உறுதிமொழியுடன் விற்கப்படும் எந்த அமைப்பையும், அதன் அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாவிட்டால் வாங்காதிருப்பது நலம்.

நைட்ரேற்றம் முடிந்த கரைசலில் மருந்துகளின் எச்சங்களும் இயக்குநீர்களும் எஞ்சியிருக்கலாம். ஒருவர் விழுங்கும் மாத்திரையின் கணிசமான பகுதி சிறுநீர்வழியே வெளியேறுவதால், இதைப் பொருட்படுத்தாத உரம் உண்ணும் பயிருக்கு ஏற்றதாகாது. ஆவியூட்டித் துளைகள் பெருக்கப்பட்ட கரித்தூளின் ஊடாகக் கரைசலைச் செலுத்தினால் இவ்வெச்சங்களில் பெரும்பகுதி கரியில் ஒட்டிக்கொள்ள, சத்துகள் அப்படியே கடந்துவிடுகின்றன. பின்னர் காய்ச்சி வடிக்கும் கருவியில் நீர் ஆவியாக்கப்பட்டு, தொடக்கக் கனஅளவில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிய பழுப்பு நிறத் திரவம் மிஞ்சுகிறது. சிறுநீரிலிருந்த சத்துகள் ஏறத்தாழ முழுவதும் அதில் உள்ளன. முற்றிலும் உலர்த்தித் தூளாக்காமல் திரவமாகவே நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அக்கரைசலின் முதன்மை உப்பு அம்மோனியம் நைட்ரேட். உலர்ந்து சூடேறிய அம்மோனியம் நைட்ரேட் எவ்வளவு கொடியது என்பதை 2020-இல் பெய்ரூத் துறைமுகத்தில் வெடித்த 2,750 டன் உலகுக்குக் காட்டியது. சுவிட்சர்லாந்தின் வேளாண்துறை இத்திரவத்தை, ஆவுரின் என்ற பெயரில், உண்ணும் பயிர்கள் உட்பட எல்லாப் பயிர்களுக்கும் உரமாக 2018-இல் ஏற்றது. மனிதச் சிறுநீரிலிருந்து செய்த உரம் ஒன்று அரசின் முழு உரிமத்துடன் கடைக்கு வந்தது இத்தொழிலின் முக்கியமான திருப்பம்.

சிறுநீரிலிருந்து ஆற்றலும் கிடைக்கும் என்ற செய்தி, உரம் கிடைக்கும் என்ற செய்தியைவிட வேகமாகப் பரவியது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் யோவான்னிஸ் இயெரொபூலோஸ் தலைமையிலான குழு, நுண்ணுயிர் மின்கலங்களில், அதாவது கரிமப் பொருளைச் சிதைக்கும்போது நுண்ணுயிர் விடுவிக்கும் எலெக்ட்ரான்களை மின்முனையில் பிடித்தெடுக்கும் கலங்களில், சிறுநீரை ஊற்றி 2013-இல் கைப்பேசி ஒன்றுக்கு மின்னேற்றியது. 2015-இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் சிறுநீர்க் கழிப்பிடத்தின் விளக்குகளை அங்கே கழிக்கப்பட்ட சிறுநீரைக் கொண்டே எரித்தது. 2017-இல் உகாண்டாவின் கிசோரோவில் மகளிர் பள்ளி ஒன்றின் கழிப்பறையை ஒளியூட்டியது. இருட்டில் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சும் மாணவியருக்கு அந்த விளக்கின் மதிப்பு பெரிது. மின்சாரத்தின் அளவோ சிறிது. மிக அடர்ந்த சிறுநீரிலும் லிட்டருக்கு 10 கிராம் ஆக்சிஜன் தேவைக்கு ஈடான கரிமப் பொருளே உண்டு. அதன் முழு ஆற்றலையும் கோட்பாட்டளவில் மின்னாக்கினாலும் 40 வாட்-மணி தேறாது, நடைமுறையில் கிடைப்பது அதில் ஒரு துளி. ஓஹியோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டின் போட்டே 2009-இல் காட்டிய யூரியா மின்னாற்பகுப்பு, நீரைப் பிளக்கத் தேவையான 1.23 வோல்ட்டுக்கு மாறாக, கோட்பாட்டளவில் 0.37 வோல்ட்டிலேயே ஹைட்ரஜன் தரும் என்பது அழகிய வேதியியல். ஆனால் அதில் பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் வெறும் வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது.

உண்மையான ஆற்றல் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை இயற்கை எரிவாயுவின் துணையுடன் அம்மோனியாவாக்கும் ஹேபர்-போஷ் முறையில் 1 டன் அம்மோனியாவுக்கு ஏறத்தாழ 30 ஜிகாஜூல் ஆற்றல் செலவாகிறது. உலகின் மொத்த ஆற்றல் நுகர்வில் நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு இதற்கே போகிறது. 1 லிட்டர் சிறுநீரில் 6 கிராம் நைட்ரஜன் என்று கொண்டால், அதை மீட்பதால் உரத் தொழிற்சாலையில் மிச்சமாவது 60 வாட்-மணி அளவு. கழிவுநீர் நிலையத்தில் அதே நைட்ரஜனை ஊதி வெளியேற்றும் செலவு தவிர்வது தனிக் கணக்கு. எதிர்ப்பக்கத்தில், 1 லிட்டர் நீரை ஆவியாக்க 600 வாட்-மணிக்கு மேல் வெப்பம் வேண்டும். வெளிவரும் ஆவியை அமுக்கிச் சூடேற்றி, அந்த வெப்பத்தையே அடுத்த நீரைக் காய்ச்சப் பயன்படுத்தும் முறையால் இதை நூறு வாட்-மணி அளவுக்குக் குறைக்க முடிகிறது. அப்போதும் மிச்சப்பட்டதைவிடச் செலவு கூடுதலே. ஆகவே வடித்தல் என்பது ஆற்றலைச் சேமிக்கும் படியன்று, தூரத்தை வாங்கும் விலை. வயல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தால் வடிக்காமல் கொண்டுபோவதே அறிவு. நகரின் நடுவில், வயல் வெகுதொலைவில் இருந்தால் வடித்தலுக்கு நியாயம் உண்டு. இந்த வேறுபாட்டை மறந்து, எல்லா இடத்துக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைப்பது இத்துறையில் அடிக்கடி காணப்படும் பிழை.

வடிக்காத சிறுநீரை வயலுக்கு இடுவதற்கும் ஒழுங்குகள் உண்டு. நலமுள்ளவரின் சிறுநீரில் நோய்க்கிருமி குறைவு. தீங்கு வருவது கழிப்பறையில் அதனுடன் கலந்துவிடும் மலத்தால். மூடிய தொட்டியில் உயர்ந்த காரத்தன்மையும் அம்மோனியாவும் சேர்ந்து கிருமிகளைக் கொல்கின்றன என்பதால், உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி, பல வீடுகளிலிருந்து திரட்டிய சிறுநீரை 20 பாகை செல்சியசில் ஆறு மாதம் இருத்திவைத்தபின் எப்பயிருக்கும் இடலாம் என்கிறது. உருண்டைப்புழுவின் முட்டைகள் மட்டும் பிடிவாதமானவை. ஸ்ட்ரூவைட்டை வடிக்கும்போது வடிபை அம்முட்டைகளையும் சேர்த்தே பிடித்துவிடுவதால், படிகத்தை வெப்பத்தில் ஈரம் வற்றும்வரை உலர்த்தாமல் கையால் தொடக்கூடாது. இடும்போது இலையில் படாமல், வேர்ப்பகுதியில் பறித்த சாலில் ஊற்றி மண்ணால் மூடினால் அம்மோனியா இழப்பும் வாடையும் குறைகின்றன. சிறுநீரில் சமையல் உப்பும் உண்டு என்பதால் மழை குறைந்த, ஏற்கெனவே உவர்ப்பேறிய நிலத்தில் ஆண்டுதோறும் இடுவது நன்றன்று. வாழைபோன்ற சாம்பல் சத்தை மிகுதியாக வேண்டும் பயிருக்குச் சிறுநீர் மட்டும் போதாது. தழைச்சத்துக்கு அதை நம்பி, சாம்பல் சத்தைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும்.

டர்பன் அனுபவத்தில் நூல்கள் மெதுவாகவே பேசும் பகுதி ஒன்று உண்டு. உலர் கழிப்பறை பெற்ற குடும்பங்களில் பல அதை இடைக்கால ஏற்பாடாகவே கருதின. நகரின் வசதியுள்ள பகுதியினருக்கு நீரடிக்கும் கழிப்பறையும் தமக்கு மட்டும் தாமே காலி செய்ய வேண்டிய உலர் அறையும் ஏன் என்று கேட்டன. நிறவெறி ஆட்சியின் நினைவு மறையாத நாட்டில் அது நியாயமான கேள்வி. இந்தியாவில் அக்கேள்வி இன்னும் கூர்மையானது. மனிதக் கழிவை மனிதரே அள்ளும் பணியை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், அப்பணி சில சாதிகளின் தலையில் சுமத்தப்பட்ட வரலாறு முடிந்துவிடவில்லை. கேன் சுமக்கும் வேலை அதே குடும்பங்களின் தோளில்தான் விழும் என்றால், எவ்வளவு சிறந்த உரமாயினும் அத்திட்டத்தைத் தொடங்கக் கூடாது. குழாயும் பம்பும் மூடிய லாரியும் சேகரிப்பைச் செய்யட்டும். கையால் தொடும் கட்டம் ஒன்று மிஞ்சினாலும் வரைபடத்தைத் திருத்துவதே முறை.

வேறு நாடுகளிலும் இம்முயற்சி தொடர்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ ஊரைச் சேர்ந்த ரிச் எர்த் நிறுவனம் 2012 முதல் வீடுகளில் திரட்டிய சிறுநீரைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, அண்மையிலுள்ள உழவரின் தீவனப்புல் நிலங்களுக்கு இட்டுவருகிறது. பாரிசின் செயின்ட் வின்சென்ட் தெ போல் குடியிருப்புப் பகுதி, புதிதாகக் கட்டப்படும்போதே சிறுநீருக்குத் தனிக் குழாயுடன் திட்டமிடப்பட்டது. நீரின் ஓட்டம் வளைந்த விளிம்பைப் பற்றிக்கொண்டு திரும்பும் இயல்பைப் பயன்படுத்தி, பயனர் எதையும் கவனிக்கத் தேவையின்றிச் சிறுநீரைப் பிரிக்கும் பீங்கான் ஒன்று ஆஸ்திரிய வடிவமைப்பாளர்களின் உழைப்பால் சந்தைக்கு வந்திருப்பது, பழைய கழிப்பறைகளின் பெரிய குறையை நீக்கியிருக்கிறது. இம்முயற்சிகளுக்கு இடையிலும் டர்பன் வீடுகளில் கிடைத்த பாடம் மாறவில்லை: சிறுநீர் சிதறிக்கிடக்கும் இடத்தில் அதைத் துரத்துவதைவிட, அது தானாகத் திரளும் இடத்தில் காத்திருப்பதே இத்தொழிலுக்கு ஏற்றது. வருமானத்தையும் உர விலையில் தேடாமல், ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் செல்லாமல் தடுத்த நைட்ரஜனுக்காக உள்ளாட்சி அமைப்பு தரும் கழிவகற்றும் கட்டணத்தில் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்க விரும்பும் நகராட்சிகளும் கல்லூரிகளும் வீடுகளை விட்டுவிட்டுப் பேருந்து நிலையங்கள், பள்ளிகள், திருமண மண்டபங்கள், தொழிற்பேட்டைகள் ஆகியவற்றின் ஆண்கள் சிறுநீர்க் கழிப்பிடங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே பிரிக்கும் பீங்கான் தேவையில்லை. சிறுநீர் ஏற்கெனவே தனியேதான் விழுகிறது, அதன்மேல் தண்ணீர் ஊற்றாமல் நிறுத்தி, தனிக் குழாயில் தொட்டிக்கு விட்டால் போதும். கட்டி முடித்த கட்டடத்தில் குழாயை மாற்றுவது பெருஞ்செலவு. புதிதாகக் கட்டுவோர் அடித்தளம் போடும்போதே அந்த ஒரு குழாயைப் பதித்துவிட வேண்டும்.